படிப்புக் காலத்தில் பணம் சேமிப்பது எப்படி: கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

சேமிப்பைப் பற்றிச் சொல்லப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவை மாதச் சம்பளக்காரர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. சம்பளம் வந்த அன்றே இத்தனை விழுக்காட்டை எடுத்து வைத்துவிட வேண்டும் என்பது அவர்களுக்குப் பொருந்தும். மாணவரின் நிலை வேறு. வீட்டிலிருந்து வரும் பணம், உதவித்தொகை, கல்விக் கடனின் தவணை ஆகியவை பெரும்பாலும் பருவத் தொடக்கத்தில் மொத்தமாக வந்து சேர்கின்றன. அதன்பின் பல வாரங்களுக்கு வரவே இருப்பதில்லை. கணக்கில் பெரிய தொகை தெரியும் முதல் சில வாரங்களில் தாராளமாகச் செலவழித்துவிட்டு, தேர்வு நெருங்கும்போது கைமாற்று கேட்டு அலைபவர்களை எந்தக் கல்லூரியிலும் பார்க்கலாம். இவர்களில் பலருக்குப் பணம் குறைவு என்பதைக் காட்டிலும், பருவம் முடிவதற்கு முன்பே பணம் தீர்ந்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். ஆகவே இந்த வழிகாட்டி மாதக் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்கிலிருந்து தொடங்குகிறது.

முதல் படி: உறுதியான வரவை மட்டும் எழுதுங்கள்

ஒரு தாளில் இந்தப் பருவத்துக்குக் கைக்கு வரவிருக்கும் தொகைகளை, அவை வந்து சேரும் தேதியோடு எழுதுங்கள். விண்ணப்பித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் உதவித்தொகை, கிடைக்கலாம் என்று நம்பும் பகுதிநேர வேலை, திருப்பித் தருவதாக நண்பர் சொன்ன பணம் ஆகியவற்றை இதில் சேர்க்க வேண்டாம். அவை வந்தால் நல்லது. வரும் வரை அவை கணக்கில் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட உதவித்தொகைகூடத் தாமதமாக வருவது வழக்கம் என்பதால், முதல் சில வாரங்களைச் சமாளிக்கக் கையில் என்ன இருக்கிறது என்பதைத் தனியாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

கடனாக வரும் தொகைக்கு எதிரே ‘கடன்’ என்று எழுதி வையுங்கள். கணக்கில் விழுந்த பிறகு கடன் பணமும் சொந்தப் பணமும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் கடன் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் அதன் விலையோடு வட்டியும் சேர்கிறது.

இரண்டாம் படி: பருவத்தை வாரங்களாக வகுத்துக்கொள்ளுங்கள்

ஓர் எடுத்துக்காட்டு. கல்விக் கட்டணம் போக ஒருவரின் கையில் ஒரு பருவத்துக்கு 60,000 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எந்த நாட்டு நாணயமாகவும் இருக்கட்டும். வகுப்புகள், தேர்வுகள், இடையில் வரும் விடுமுறைகள் எல்லாம் சேர்த்துப் பருவம் 20 வாரங்கள். தங்குமிடம், மின்சாரம், தொலைபேசி, பயணச் சீட்டு போன்ற தவிர்க்க முடியாத செலவுகளுக்கு 32,000 போகிறது. புத்தகம், தேர்வுக் கட்டணம், ஆய்வகப் பொருள் என்று பருவத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளுக்கு 6,000 ஒதுக்குகிறார். திடீர்ச் செலவுக்கு 4,000 எடுத்து வைக்கிறார். மீதி 18,000. அதை 20 வாரங்களுக்கு வகுத்தால் வாரத்துக்கு 900. உணவு, உடை, பொழுதுபோக்கு எல்லாம் இந்த 900-க்குள் அடங்க வேண்டும்.

இப்போது அவர் வாரத்துக்கு 1,100 செலவழிக்கிறார் என்று கொள்வோம். இதை ஐந்தாம் வார இறுதியில் கவனித்தால், அதுவரை 5,500 போயிருக்கும். மீதமுள்ள 12,500-ஐ 15 வாரங்களுக்கு வகுத்தால் வாரத்துக்கு 833 வரும். கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் போதும். இதே தவறு பதினைந்தாம் வாரத்தில்தான் கண்ணில் படுகிறது என்றால், 16,500 போய்விட்டிருக்கும். மீதமுள்ள 1,500-ஐக் கொண்டு ஐந்து வாரங்களை, அதாவது வாரத்துக்கு 300 வைத்து, தேர்வுக் காலத்தைக் கடத்த வேண்டியிருக்கும். வாரத்துக்கு 200 கூடுதலாகச் செலவானது இரண்டிலும் ஒன்றுதான். கவனித்த நாள் மட்டுமே வேறு. வாரத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பது என்ற ஒரு பழக்கத்தை நான் மற்ற எல்லா உத்திகளுக்கும் முன்னால் வைப்பதற்கு இதுதான் காரணம்.

இதை மன உறுதிக்கு விட்டுவிடாமல் வங்கியிடம் ஒப்படைப்பது எளிது. இரண்டு கணக்குகள் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பணமும் ஒன்றில் இருக்கட்டும். அதன் அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டாம், கட்டணச் செயலிகளிலும் அதை இணைக்க வேண்டாம். அன்றாடச் செலவுக்கான மற்றொரு கணக்குக்கு அந்தந்த வாரத்துக்குரிய தொகை தானாகப் போய்ச் சேருமாறு ஏற்பாடு செய்துவிடுங்கள். அது திங்கட்கிழமை போய்ச் சேர்வது நல்லது. வெள்ளிக்கிழமை கையில் புதுப் பணம் வந்தால் அது வார இறுதியிலேயே கரைந்துவிடும்.

மூன்றாம் படி: நான்கு வாரம் எழுதிப் பாருங்கள்

ஆயுள் முழுவதும் செலவுக் கணக்கு எழுத வேண்டும் என்று சொன்னால் யாரும் எழுதப் போவதில்லை. நான்கு வாரம் போதும். செலவான உடனே தொகை, பொருள், அப்போதைய சூழ்நிலை ஆகிய மூன்றையும் ஒரே வரியில் குறித்துக்கொள்ளுங்கள். ‘இரவு உணவு, 180, ஆய்வகம் முடிய நேரமாகிவிட்டது’ என்ற வரியில் பயனுள்ள பகுதி கடைசியில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட வரி எல்லாச் செவ்வாய்க்கிழமையும் வருகிறது என்றால், உணவுக்கு அதிகம் செலவாகிறது என்று பொதுவாக நொந்துகொள்வதை விட்டுவிட்டு, செவ்வாய் அன்று மட்டும் சாப்பாடு கட்டி எடுத்துச் செல்வது என்ற குறிப்பான தீர்வுக்கு வரலாம். செலவைத் தானாக வகைப்படுத்தித் தரும் செயலிகள் வண்ண வட்டங்களாகக் காட்டுகின்றன, காரணத்தைக் காட்டுவதில்லை. இந்த வேலைக்குச் சிறிய குறிப்பேடே மேல் என்பது என் கருத்து.

எழுதும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். 2017-இல் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு பெற்ற ரிச்சர்டு தேலர், பணம் எந்த வழியில் வந்தது என்பதைப் பொறுத்து மனிதர்கள் அதை வெவ்வேறு விதமாக நடத்துகிறார்கள் என்பதை விரிவாக ஆராய்ந்தவர். உழைத்துப் பெற்ற பணத்தை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர்கூட, பிறந்தநாளுக்குக் கிடைத்த பணத்தையும் திரும்பி வந்த முன்பணத்தையும் ஒரே நாளில் தீர்த்துவிடுகிறார். இவ்வாறு எதிர்பாராமல் வரும் தொகையை முதல் கணக்கில் போட்டு, மீதமுள்ள வாரங்களுக்குப் பகிர்ந்துவிட்டால், அது மற்றப் பணத்தைப் போலவே நடந்துகொள்ளும்.

நான்காம் படி: பெரிய செலவில் கை வையுங்கள்

தினமும் குடிக்கும் ஒரு கோப்பைக் காப்பியை நிறுத்தினால் செல்வந்தராகிவிடலாம் என்ற வகையிலான அறிவுரைகளை நான் பொருட்படுத்துவதில்லை. மாணவரின் பணத்தில் பெரும்பகுதி தங்குமிடம், உணவு, பயணம் ஆகிய மூன்றில் போகிறது. இவற்றில் ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் சரியான முடிவு, நாள்தோறும் ஆசையை அடக்கிக்கொள்வதைவிட அதிகம் மிச்சப்படுத்தும்.

தங்குமிடத்தை வாடகையை மட்டும் வைத்து ஒப்பிட வேண்டாம். வாடகை, மின்சாரம், இணையம், பயணச் செலவு ஆகிய நான்கையும் கூட்டிப் பாருங்கள். தொலைவில் உள்ள மலிவான அறை, பயணத்துக்கும் அவசரத்துக்கு வெளியில் வாங்கும் உணவுக்கும் ஆகும் செலவைக் கூட்டினால் வளாகத்தை ஒட்டிய அறையைவிட அதிகமாகக் கையைக் கடிக்கலாம். ஒப்பந்தம் எத்தனை மாதங்களுக்கு என்பதையும் பார்க்க வேண்டும். பருவ விடுமுறையில் ஊருக்குப் போய்விடும் ஒருவர் பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், பூட்டிய அறைக்கும் வாடகை கொடுத்துக்கொண்டிருப்பார். குடியேறும் நாளிலேயே சுவர், தரை, குழாய், சன்னல் ஆகியவற்றைப் படம் எடுத்து, மின்மானியின் எண்ணைக் குறித்து, உரிமையாளருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தம் செய்ய முயன்றால், அந்தப் படங்களும் அவற்றின் தேதியும்தான் பேசும். அறைத் தோழர்களோடு எந்தச் செலவை எப்படிப் பங்கிடுவது என்பதையும் முதல் வாரத்திலேயே எழுதிவைப்பது நல்லது. நட்பு கெடுவது பெரும்பாலும் தொகையால் அன்று, தெளிவில்லாத பேச்சால்தான்.

விடுதி உணவுத் திட்டத்துக்கு முன்பணம் கட்டுபவர்கள் ஒரு கணக்கைக் கட்டாயம் போட வேண்டும். வாரத்துக்கு 20 வேளைக்குப் பணம் கட்டிவிட்டு, காலை உணவைத் தவறவிட்டும் வெளியில் சாப்பிட்டும் 13 வேளை மட்டும் உண்பவருக்கு, ஒரு வேளை உணவின் உண்மை விலை அறிவிக்கப்பட்டதைவிடச் சுமார் 54 விழுக்காடு கூடிவிடுகிறது. நான்கு வாரக் குறிப்பில் எத்தனை வேளை உண்மையில் அங்கே உண்டீர்கள் என்று எண்ணிப் பார்த்து, அடுத்த பருவத்தில் சிறிய திட்டத்துக்கு மாறுங்கள். சொந்தமாகச் சமைப்பவர்கள் தினமும் புதிதாகச் சமைக்க முயன்றால் மூன்றாம் வாரத்தில் களைத்துப் போவார்கள். வாரத்துக்கு இரண்டு முறை மொத்தமாகச் சமைத்துப் பிரித்து வைப்பதும், ஓர் அவசர வேளைக்கு உரியதை உறைபெட்டியில் எப்போதும் வைத்திருப்பதும் நீடிக்கக்கூடிய முறை. கடையில் பொட்டலத்தின் விலையைப் பார்க்காமல் ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று பாருங்கள். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவாக இருப்பதில்லை. மலிவாக இருந்தாலும் பாதி கெட்டுப்போனால் அது மலிவாகாது.

பயணத்துக்கு ஒரே ஒரு கணக்கு போதும். பருவச் சீட்டின் விலையை ஒருமுறைக் கட்டணத்தால் வகுத்து, வரும் எண்ணிக்கைக்கு மேல் பயணம் செய்வீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: புத்தகமும் மென்பொருளும்

மாணவர்கள் தேவையின்றி அதிகம் இழப்பது இங்கேதான். பட்டியலில் உள்ள எல்லாப் பாடநூல்களையும் வகுப்புத் தொடங்குவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டாம். முதல் வாரம் வகுப்புக்குப் போய், எந்த நூல் இல்லாமல் முடியாது, எந்த நூல் மேலதிக வாசிப்புக்கு மட்டும் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். முந்தைய பதிப்பு போதுமா என்றும் கேளுங்கள். நுண்கணிதமும் இயற்பியலின் அடிப்படைகளும் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. பயிற்சி வினாக்களின் வரிசைதான் பெரும்பாலும் மாறுகிறது. அந்த வினாக்களை மட்டும் புதிய பதிப்பிலிருந்து படியெடுத்துக்கொள்ளலாம். சட்டம், வரி, மருந்தியல் போன்ற துறைகளில் மட்டும் இந்த உத்தி ஆபத்தானது; அங்கே பழைய பதிப்பு என்றால் காலாவதியான விதி என்று பொருள்.

நூலகத்தில் பாடநூல்களின் ஒரு படியை வெளியே கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருப்பது பல பல்கலைக்கழகங்களின் வழக்கம். வெளியே எடுத்துச் செல்ல முடியாவிட்டாலும், தேவையான அத்தியாயத்தை அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். உங்கள் நூலகத்தில் இல்லாததை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும் ஏற்பாடும் பல இடங்களில் உண்டு. கேட்பவர் குறைவு என்பதால் அது இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்டாக்ஸ், இயற்பியல், உயிரியல், புள்ளியியல், பொருளியல் முதலிய பாடங்களின் முழுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. காப்புரிமை முடிந்த இலக்கிய நூல்களுக்கு 1971-இல் தொடங்கப்பட்ட குட்டன்பர்க் திட்டம் இருக்கிறது. இயற்பியல், கணிதம், கணினியியல் ஆய்வுக் கட்டுரைகளின் முன்வரைவுகளை 1991 முதல் ஆர்க்கைவ் தளம் கட்டணமின்றி அளித்து வருகிறது. கட்டணம் கேட்கும் ஒரு கட்டுரைக்கு அதை எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பினால், பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு அனுப்பி வைப்பார்கள்.

பழைய புத்தகம் வாங்கும்போது ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். சில பாடநூல்களோடு இணையவழிப் பயிற்சிக்கான குறியீடு வருகிறது. அது ஒருமுறை மட்டுமே பயன்படும். பயிற்சிக்கு மதிப்பெண் உண்டு என்றால், மலிவாகப் பழைய நூலை வாங்கிவிட்டு, குறியீட்டைத் தனியாக வாங்கும்போது மொத்தச் செலவு புதிய நூலின் விலையைத் தாண்டிவிடலாம்.

மென்பொருளுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவைக் கேளுங்கள். மொத்த உரிமம் ஏற்கெனவே வாங்கப்பட்டிருக்கலாம். இல்லையென்றாலும் எழுத்து வேலைக்கு லிப்ரே ஆபிஸ், புள்ளியியலுக்கு ஆர் (R), மேட்லேப் என்ற கட்டணக் கணிப்பு மென்பொருளுக்கு எழுதிய நிரல்களில் பலவற்றை அப்படியே இயக்க ஆக்டேவ், மேற்கோள்களை ஒழுங்குபடுத்த ஜோட்டெரோ ஆகியவை இலவசம். மடிக்கணினி வாங்குவதை உங்கள் துறையின் தேவையை அறிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வரலாறு படிப்பவருக்கும் கட்டடக்கலை படிப்பவருக்கும் ஒரே கணினி தேவைப்படுவதில்லை. புதுப்பித்து விற்கப்படும் கணினி நல்ல தேர்வுதான். ஆனால் மின்கலத்தின் நிலை, நினைவகத்தைப் பின்னர் கூட்ட முடியுமா, எழுத்தில் உத்தரவாதம் உண்டா ஆகிய மூன்றையும் உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள்.

ஆறாம் படி: சந்தாவும் தள்ளுபடியும்

இலவச முன்னோட்டம் என்று பதிவு செய்யும்போதே, அது முடிவதற்கு இரண்டு நாள் முன்னதாகத் தொலைபேசியில் நினைவூட்டல் வையுங்கள். மாணவர் கட்டணத்தில் தொடங்கும் சந்தாக்கள் படிப்பு முடிந்ததும் சத்தமில்லாமல் முழுக் கட்டணத்துக்கு மாறிவிடும். எனவே ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் வங்கி அறிக்கையைத் திறந்து, மாதந்தோறும் தானாகக் கழியும் தொகைகளை மட்டும் தேடிப் பாருங்கள்.

மாணவர் அடையாள அட்டையை எப்போதும் கையில் வைத்திருங்கள். அருங்காட்சியகம், தொடர்வண்டி, இதழ்ச் சந்தா எங்கும் கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். வெளிநாட்டுப் பயணத்துக்கு 1953 முதல் வழங்கப்பட்டு வரும் பன்னாட்டு மாணவர் அடையாள அட்டை உதவும். ஆனால் அதற்கும் கட்டணம் உண்டு என்பதால், ஓரிரு முறைக்கு மேல் பயன்படுமா என்று பார்த்து வாங்குங்கள். தள்ளுபடி இல்லாவிட்டால் அந்தப் பொருளை வாங்கியிருப்பேனா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்பது விடையானால், அங்கே மிச்சமானது ஒன்றுமில்லை.

ஏழாம் படி: கடனின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

கிரெடிட் கார்டில் மாதம் 3 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 36 என்று தோன்றும். வட்டிக்கு வட்டி ஏறுவதால் உண்மையில் அது 42.6 விழுக்காடு. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால், அந்தப் பணத்தில் பெரும்பகுதி வட்டிக்கே போகும், அசல் அசையாது. முழுத் தொகையையும் கட்டாத மாதத்துக்குப் பிறகு, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலச் சலுகை பல அட்டைகளில் நின்றுவிடுகிறது. கட்டணம் என்ற பெயரில் வட்டியை மறைக்கும் குறுங்கடன்கள் இன்னும் மோசம். 1,000 கடனுக்கு 14 நாளில் 50 கூடுதலாகக் கட்டுவது சிறிய தொகையாகத் தெரியலாம். ஆண்டுக் கணக்கில் அது 130 விழுக்காடு வட்டி.

கல்விக் கடனில் படிக்கும் காலத்திலும் வட்டி ஓடுகிறதா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். ஓடுகிறது என்றால், 1,00,000 கடனுக்கு 10 விழுக்காட்டில் நான்கு ஆண்டுகளில் 40,000 தனிவட்டி சேரும். படிப்பு முடிந்ததும் இது அசலோடு சேர்க்கப்படுமானால், அதன்பின் வட்டி 1,40,000-க்குக் கணக்கிடப்படும். ஆண்டு வட்டி 10,000-இலிருந்து 14,000 ஆகிவிடும். பகுதிநேர வேலையில் கிடைப்பதில் ஒரு பங்கைப் படிக்கும்போதே வட்டிக்குக் கட்டுவது, எந்த வங்கிச் சேமிப்பைவிடவும் பெரும்பாலும் இலாபம். தேவைக்கு மேல் கடன் அனுமதிக்கப்பட்டால் மீதியை வாங்காமல் விடுங்கள்.

எட்டாம் படி: வேலையும் படிப்பும்

வேலைக்குப் போகும் மணி நேரத்தை முடிவு செய்யும்போது, கூலியை மட்டும் பார்க்கக் கூடாது. ஒரு பாடத்தில் தவறினால் அந்தப் பாடத்துக்கு மறுபடி கட்டணம், அதற்காக ஒரு பருவம் நீண்டால் வாடகையும் உணவும், வேலைக்குச் சேர்வது தள்ளிப்போவதால் இழக்கும் சம்பளம் ஆகிய எல்லாம் சேர்ந்து, இந்த வழிகாட்டியில் சொன்ன மொத்தச் சேமிப்பையும் விழுங்கிவிடும். நூலகத்திலோ ஆய்வகத்திலோ வளாகத்துக்குள்ளேயே கிடைக்கும் வேலை, கூலி சற்றுக் குறைந்தாலும், பயண நேரத்தை மிச்சப்படுத்துவதால் ஈடு செய்துவிடும். வெளிநாட்டில் படிப்பவர்கள், விசா அனுமதிக்கும் வேலை நேரத்தைத் தாண்டிவிடக் கூடாது. சம்பளத்தில் வரி பிடிக்கப்பட்டிருந்தால், ஆண்டு வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருக்கும் மாணவர்கள் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறும் வாய்ப்பு பல நாடுகளில் உண்டு.

ஒரு பாடம் கைமீறிப் போகிறது என்று தெரிந்தால், கட்டணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதிக்குள் அதிலிருந்து விலகுவது பற்றி ஆலோசகரிடம் பேசிவிடுங்கள். கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும். பணநெருக்கடி வந்தாலும் அப்படித்தான். பல பல்கலைக்கழகங்களில் அவசர உதவி நிதி உண்டு. கட்டணத்தைத் தவணையாகக் கட்டவும் அனுமதிப்பார்கள். கெடு முடிந்த பிறகு கேட்பவரைவிட, இரண்டு வாரம் முன்னதாகக் கேட்பவருக்கே வழி கிடைக்கும்.

ஒன்பதாம் படி: மிச்சமானதை எங்கே வைப்பது

படிப்பு முடிவதற்குள் தேவைப்படக்கூடிய பணத்தைப் பங்குச் சந்தையிலோ கிரிப்டோவிலோ போட வேண்டாம். விலை விழுந்திருக்கும் நேரத்தில்தான் கட்டணக் கெடு வந்து நிற்கும். வைப்புத்தொகைக் காப்பீடு உள்ள வங்கியின் சேமிப்புக் கணக்கே போதும். உதவித்தொகை பெற முன்பணம் கட்டச் சொல்பவர்களையும், உங்கள் கணக்கில் பணம் வாங்கி வேறொருவருக்கு அனுப்பினால் பங்கு தருவதாகச் சொல்பவர்களையும் அண்டவிடாதீர்கள். இரண்டாவது, மோசடிப் பணத்தைக் கைமாற்றும் வேலை. கணக்கு முடக்கப்படுவதோடு குற்ற வழக்கும் கணக்கின் உரிமையாளர் மேல்தான் வரும்.

பருவம் முடிந்ததும் மீதியை அப்படியே அடுத்த பருவத்தின் முதல் வரியில் வரவாக எழுதி, திடீர்ச் செலவு நிதியில் எடுத்ததை முதலில் நிரப்புங்கள். கடைசிப் பருவமாக இருந்தால் வேலை சற்று அதிகம்: விடுதி, நூலகம், ஆய்வகம் ஆகியவற்றில் கட்டிய முன்பணங்களைத் திரும்பப் பெற வேண்டும், மாணவர் கட்டணச் சந்தாக்களை நிறுத்த வேண்டும், சான்றிதழ் படிகளுக்கு வெளியேறிய பின் கட்டணம் கூடுமா என்று விசாரிக்க வேண்டும், பல்கலைக்கழக மின்னஞ்சலோடு இணைந்த சேமிப்பகத்தில் உள்ள கோப்புகளை, கணக்கு மூடப்படும் முன் சொந்த வட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.